பாதியில் நின்ற பி.காம், நியூ ஜெர்சியில் முடித்த பட்டம்: பழைய படிப்புக்குக் கிரெடிட் வாங்கிய அனுபவம்

ஊரில் பி.காம் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனது. கல்யாணம், விசா, நியூ ஜெர்சி, அப்புறம் ஒரு சின்ன நிறுவனத்தில் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு வேலை. பல வருடம் கழித்து இங்கேயே பிசினஸ் பட்டம் முடித்தேன். கிரெடிட் என்பது முடித்த பாடத்துக்குக் கல்லூரி தரும் புள்ளி. பட்டத்துக்குத் தேவைப்பட்ட 120 கிரெடிட்டில் பாதிக்கு மேல் புதிதாக எந்த வகுப்பிலும் சேராமல் கிடைத்தவை. ஊரில் படித்ததற்குக் கொஞ்சம், தேர்வு எழுதிக் கொஞ்சம், வேலையில் கற்றதை நிரூபித்துக் கொஞ்சம். பட்டம் கைக்கு வந்து சில வருடம் ஆகிவிட்டதால், எது உண்மையில் உதவியது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

கிரெடிட்டை யார் பரிந்துரைத்தாலும், ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீங்கள் சேரும் கல்லூரிதான். ஏற்றுக்கொண்டாலும் பட்டத்தின் எந்தக் கட்டத்தில் அதைப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்தப் பாடத்தையும் போடக்கூடிய 'ஃப்ரீ எலெக்டிவ்' கட்டம் சீக்கிரம் நிரம்பிவிடும். அதற்கு மேல் அங்கே எவ்வளவு விழுந்தாலும் பட்டம் ஒரு அடிகூட நகராது.

என் பி.காம் மதிப்பெண்களை, வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிச் சொல்லும் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கிரெடிட்டும் கிரேடும் காட்டும் அறிக்கை வாங்கினேன். பட்டம் முடிக்காதவர்களுக்கும் இது செல்லும். முடித்த செமஸ்டர்கள் வீணாவதில்லை. அந்த அறிக்கை கல்லூரிக்குப் போனதும் நடந்ததைச் சொல்கிறேன். பார்ட் ஒன் தமிழ் அழகாக ஹியூமானிட்டீஸ் கட்டத்தில் உட்கார்ந்தது. பைனான்சியல் அக்கவுண்டிங் நேராக அக்கவுண்டிங் பாடமாகவே வந்தது. ஆனால் பார்ட் டூ ஆங்கிலத்தை எழுத்துப்பயிற்சிப் பாடமாக ஏற்கவில்லை, எலெக்டிவில் தள்ளிவிட்டார்கள். கமர்ஷியல் லாவுக்கும் அதே கதி. நாம் படித்தது 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், அவர்களுக்கு வேண்டியது அமெரிக்கச் சட்டம். அந்த முடிவு நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ஆங்கிலத்தை ஒதுக்கியது இன்றும் எனக்கு உறுத்துகிறது. சிலபஸைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த ஓட்டைகளை அடைக்கத்தான் கிளெப் (CLEP) தேர்வுகள், வகுப்பில் சேராமலே தேர்வு மட்டும் எழுதிக் கிரெடிட் வாங்கும் வழி. காலேஜ் போர்டு 1967 முதல் நடத்துகிறது. பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். மதிப்பெண் 20-லிருந்து 80 வரை. பல கல்லூரிகள் 50 வந்தால் போதும் என்கின்றன, சில அதிகம் கேட்கின்றன. பிசினஸ் லா எழுதும்போது ஊரில் படித்தது கைகொடுத்தது. ஆஃபர், அக்செப்டன்ஸ், கன்சிடரேஷன் எல்லாம் இரண்டு நாட்டிலும் ஒரே இங்கிலீஷ் வேரிலிருந்து வந்தவை. முடித்த நிமிடமே திரையில் மதிப்பெண் வந்துவிட்டது. கட்டுரை எழுதும் காம்போசிஷன் தேர்வுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். 'மாடர்ன் ஸ்டேட்ஸ்' தளத்தில் இலவசப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். ஏற்கெனவே கிரெடிட் கிடைத்த பாடத்திலேயே கிளெப்பும் எழுதினால் ஒரு முறைதான் கணக்கு. கிளெப் கிரெடிட் பொதுவாக முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்குத்தான். மேல்நிலைப் பாடங்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கிளெப்பில் மொழித் தேர்வு பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டுமே. நம்மவர்கள் பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். மொழி ஆசிரியர்களுக்கான அமெரிக்க அமைப்பான ஆக்ட்ஃபிலின் (ACTFL) வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு. போனில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குடும்பம், வேலை என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். அப்புறம் நடந்த ஒரு சம்பவத்தை முதலிலிருந்து விவரிக்கச் சொல்வார்கள். அடுத்து, பொது விஷயம் ஒன்றில் கருத்தைக் கேட்டு, 'அப்படி இல்லாமல் இப்படி நடந்திருந்தால்?' என்று மடக்குவார்கள். நீங்கள் எந்த உயரத்தில் தடுமாறுகிறீர்கள் என்று தேடுவதுதான் அவர்கள் வேலை. பாதி ஆங்கிலத்தில் பேசிப் பழகிய நமக்கு அந்தக் கடைசிப் பகுதி சுலபமில்லை. கருத்தைத் தமிழிலேயே கோவையாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். எல்லாக் கல்லூரியும் இதை ஏற்காது, முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, வேலையில் கற்றதை எழுதிச் சான்றோடு தரும் போர்ட்ஃபோலியோதான், அதிக உழைப்பைக் கேட்டதும் அதுவே. இத்தனை வருடம் வேலை பார்த்தேன் என்பதற்குக் கிரெடிட் கிடையாது. அந்த வேலையில் என்ன கற்றீர்கள், அது கல்லூரிப் பாடத்தின் எந்த இலக்கோடு பொருந்துகிறது என்று எழுதிச் சான்றும் வைக்க வேண்டும். நான் பேரோல் அக்கவுண்டிங்கை எடுத்தேன். சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி வரி 6.2 சதவீதம், மெடிகேர் வரி 1.45 சதவீதம் பிடிப்பதைச் சாஃப்ட்வேரே செய்துவிடும். நியூ ஜெர்சியில் குடியிருந்து நியூயார்க் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு எந்த மாநிலத்துக்கு வரி பிடிப்பது, ஏன், பிடித்த வரியை நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை மத்திய அரசுக்குக் காட்டும் 941 படிவத்தில் தொகை இடித்தால் எங்கிருந்து தேடுவது என்று விளக்கியதற்குத்தான் மதிப்பு. பெயர்களை மறைத்த மாதிரித் தாள்களையும் மேலாளர் கொடுத்த கடிதத்தையும் இணைத்தேன். படித்துப் பார்த்த பேராசிரியர் முழுக் கிரெடிட் கொடுத்தார். இவ்வளவு நாள் 'சும்மா கணக்குப் பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்த வேலை ஒரு கல்லூரிப் பாடம் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இத்தனை வருடத்தில் வேலைக்கு எடுத்தவர்கள் யாரும் கிரெடிட் எப்படி வந்தது என்று கேட்டதில்லை. பட்டம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அமெரிக்கக் கணக்காளர் உரிமத்துக்கான சிபிஏ தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும் கவனம். தேர்வு மூலம் வந்த கிரெடிட்டை எந்த அளவு ஏற்பது என்பதில் ஒவ்வொரு மாநில போர்டுக்கும் ஒரு விதி. இப்படி வரும் கிரெடிட் பெரும்பாலும் கிரேடுகளின் சராசரியான ஜிபிஏவில் சேராது என்பதால், மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்குக் கல்லூரியில் எடுக்கும் மிச்சப் பாடங்களின் கிரேடுதான் பேசும். அரசு மாணவர் உதவித்தொகையும் பொதுவாக இந்தத் தேர்வுக் கட்டணங்களுக்கு உதவாது. நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசன், கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக் போன்ற கல்லூரிகள் வேலை பார்க்கும் பெரியவர்களுக்காகவே 1970-களில் தொடங்கியவை. வெளியிலிருந்து வரும் கிரெடிட்டுக்குத் தாராளமாக இடம் கொடுப்பவை. தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று, ஊரில் அப்பா அம்மா நடமாட முடிகிறபோதே ஒரு அதிகாரக் கடிதம் கொடுத்து, பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கன்ட்ரோலர் ஆஃபீசில் ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் மதிப்பீட்டுக்காக முத்திரை போட்ட உறையில் கேட்கச் சொல்லுங்கள். என் உறை வரத்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக நாள் பிடித்தது. நீங்கள் படித்த வருடத்துச் சிலபஸையும் கையோடு வாங்கிவிடுங்கள். பாடத்திட்டம் மாறியபின் பழையதைக் கேட்டால் அலமாரி அலமாரியாகத் தேட வேண்டியிருக்கும்.