புளுபெர்ரி: தரையில் வைப்பதா, தொட்டியில் வைப்பதா?

ஹைபுஷ் (உயரமான புதர் வகை) புளுபெர்ரி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ரகம் வாங்கலாம் என்றுதான். டியூக்கா, புளூகிராப்பா என்று நானும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன்தான். ரகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கன்றை எங்கே வைக்கப்போகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறோம்.

நூறு வருடத்துக்கு முன்பு இது காட்டில் மட்டும் காய்க்கிற செடி. தோட்டத்துக்கு ஒத்துவராது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். நல்ல எருவிட்ட மண்ணில் வைத்தால் நலிந்து போகும். அமெரிக்க வேளாண் துறையில் தாவரவியலாளராக இருந்த ஃபிரெடரிக் கோவில் 1910இல் வெளியிட்ட ஆய்வுதான் காரணத்தைச் சொன்னது: இதற்குப் புளிப்பு மண் வேண்டும். பிறகு நியூஜெர்சியில் கிரான்பெர்ரித் தோட்டக்காரரான எலிசபெத் ஒயிட்டும் அவரும் சேர்ந்து, நல்ல காட்டுச் செடிகளைத் தேடிப்பிடித்து இனக்கலப்பு செய்தார்கள். 1916இல் அவர்கள் விளைவித்த பழம் முதன்முதலாகச் சந்தைக்குப் போனது.

புளிப்பு என்றால் எவ்வளவு? புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் 4.5 முதல் 5.5 வரை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். காய்கறிப் பாத்திக்கு 6.5 இருந்தால் நன்றாக இருக்கிறது என்போம். 6.5க்கும் 4.5க்கும் இரண்டு புள்ளிதான் வித்தியாசம் என்று தோன்றும். அமிலக் கணக்கில் அது 100 மடங்கு.

சரி, முதலில் தரை. காய்ந்த மண்ணை ஒரு பிடி எடுத்து, அதன்மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணுக்குக் கந்தகம் போட்டு மாளாது. தரை யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். நுரைக்கவில்லை என்றால் பிஎச் பார்த்துவிட்டு, நடுவதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பே கந்தகத் தூளைக் கலக்க வேண்டும். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை மெல்ல அமிலமாக மாற்றுவதால்தான் இவ்வளவு நாள். அவசரத்துக்கு வினிகர் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதன் வேலை சில நாளில் தீர்ந்துவிடும். அலுமினியம் சல்பேட் வேகமாக வேலை செய்யும். ஆனால் அலுமினியம் சேரச்சேர வேரைக் கெடுக்கும்.

இத்தனையும் தாண்டி வேர் பிடித்துவிட்டால் தரையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆறேழு வருடத்தில் ஆளுயரப் புதராகி, ஒரு செடியே மூன்று நான்கு கிலோ வரை தரும். அப்புறம் பல வருடம் காய்த்துக்கொண்டே இருக்கும்.

தொட்டியில் மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கலவை நம் கையில். பீட் மாஸும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) பைன் மரப்பட்டைத் தூளும் கலந்தால் போதும். பெயரில் பீட் இருக்கிறதே என்று கோகோபீட்டை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். பீட் மாஸ் இயல்பிலேயே நல்ல புளிப்பு; தேங்காய் நார்க்கழிவு அந்த அளவுக்குக் கிடையாது. சிறிய கன்றைச் சிறிய தொட்டியில் தொடங்கி, கடைசியில் 40, 50 லிட்டர் தொட்டிக்கு மாற்ற வேண்டிவரும்.

தொட்டி காலை வாருவது தண்ணீரில். என் முதல் செடிக்குக் கலவையில் குறையே இல்லை. இரண்டாவது கோடையில் நுனி இலைகள் வெளிறின. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். இரும்புச்சத்துக் குறைவு என்று வாங்கித் தெளித்தேன். கொஞ்ச நாள் பச்சை, மறுபடி மஞ்சள். ஒருநாள் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், சுண்ணாம்பு! தினம் ஊற்றிய குழாய்த் தண்ணீர் கலவையின் புளிப்பைத் தின்றுவிட்டிருந்தது. இரும்பு உள்ளேதான் இருந்தது, வேரால் எடுக்க முடியவில்லை. மழைநீருக்கு மாறிய பிறகு வந்த துளிர்தான் பச்சையாக வந்தது.

அதோடு இந்தச் செடிக்கு இருப்பது மயிர் போன்ற சல்லிவேர். மற்றச் செடிகளுக்கு உள்ள வேர்த்தூவிகளும் கிடையாது. கடும் வெயிலில் தொட்டி ஒரே நாளில் காய்ந்தாலும் இது தாங்காது. தரையிலும் வேர் மேலாகத்தான் ஓடும் என்றாலும், மரப்பட்டையோ பைன் ஊசியிலையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

ரகத்தை முடிவு செய்வது குளிர்காலம். 'வடக்கத்திய ஹைபுஷ்' எனப்படும் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்குக் குறையாத குளிர் கிடைக்க வேண்டும். புளூகிராப், டியூக் எல்லாம் இந்த வகை. அவ்வளவு குளிர் இல்லாத இடத்துக்கு மிஸ்டி, சன்ஷைன் புளூ போன்ற 'தெற்கத்திய ஹைபுஷ்' ரகங்கள். சன்ஷைன் புளூ குட்டையானது, தொட்டிக்கென்றே பிறந்தது மாதிரி. எதை வாங்கினாலும் ஒரே சமயத்தில் பூக்கும் இரண்டு ரகமாக வாங்குங்கள். மகரந்தம் மாறினால் பழம் பெருக்கும்.

உரத்தில் இரண்டுக்கும் ஒரே விதிதான். தழைச்சத்துக்கு அமோனியம் சல்பேட், அதுவும் கொஞ்சமாக. சாம்பல் வேண்டவே வேண்டாம். மண்புழு உரத்தையும் தொழுவுரத்தையும் அள்ளிப் போடுகிற கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், மண் நுரைக்காமல் பிஎச் 6க்குக் கீழே இருந்தால் தரை. மற்றபடி தொட்டி, அதுவும் மழைநீர் சேமிக்க வழி இருந்தால் மட்டும். மேடைப்பாத்தி கட்டிப் பீட் மாஸ் நிரப்புவது நடுவழி. நானும் அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறேன்.

எங்கே வளர்த்தாலும் நீலமானதும் பறித்துவிடாதீர்கள். காம்புப் பக்கம் லேசான சிவப்பு வளையம் தெரிந்தால் இன்னும் புளிக்கும். அது மறைந்து சில நாள் விட்டால் தொட்டதுமே கையில் விழும். பறவைகள் அதுவரை பொறுக்காது. தொட்டிச் செடிக்கு நாலு குச்சி நட்டு வலையைப் போர்த்தினால் வேலை முடிந்தது. ஆளுயரப் புதருக்கு வலை கட்ட இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.