பிளுமேரியா: விதையா, போத்தா, ஒட்டா?

பிளுமேரியா எனப் பரவலாக அழைக்கப்படும் ஈழத்தலரியை விதை, போத்து (வெட்டி நடும் கிளைத்துண்டு), ஒட்டு (வேரூன்றிய வேறொரு செடியின் மேல் இணைக்கும் கிளைநுனி) ஆகிய மூன்று வழிகளிலும் வளர்த்தெடுக்கலாம். எந்த வழி சிறந்தது என்று கேட்பவர் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: எங்கோ பார்த்து ஆசைப்பட்ட பூவே தம் செடியிலும் பூக்க வேண்டுமா, அல்லது எந்தப் பூ வந்தாலும் சம்மதமா? முதல் வகையினருக்கு விதை ஒருநாளும் விடையாகாது. இரண்டாம் வகையினர் போத்துக்காக அலைய வேண்டியதில்லை.

போத்து தாய்மரத்தின் ஒரு துண்டு என்பதால், நிறம், மணம், இதழின் அமைப்பு அனைத்தையும் அப்படியே கொண்டுவருகிறது. விதையோ இரண்டு பெற்றோரின் கலப்பு. அதிலும் தந்தை யார் என்பது பெரும்பாலும் தெரியாது. இந்தப் பூவில் தேன் கிடையாது. இரவில் மணம் பரப்பி, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளை ஏமாற்றி வரவழைக்கிறது. எதுவும் கிடைக்காமல் அடுத்த பூவுக்குப் பறக்கும் பூச்சி எந்த மரத்து மகரந்தத்தைச் சுமந்து வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, விதை உறையின் மேல் அச்சிட்டிருக்கும் பூவின் படம், மிஞ்சிப்போனால் தாய்மரத்தின் படமாக இருக்கலாமே தவிர, வரப்போகும் செடியின் படமாக இருக்க முடியாது. இணையத்தில் விற்கப்படும் 'நீல நிற' விதைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவே தேவையில்லை: பிளுமேரியாவில் அசல் நீலம் கிடையாது, அந்தப் படங்கள் கணினியில் நிறம் மாற்றப்பட்டவை.

இதனால் விதையை இளக்காரமாக எண்ணிவிடக் கூடாது. இன்று பெயர் சூட்டிப் பரப்பப்படும் ரகங்களில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்தில் விதையிலிருந்து முளைத்தவையே. பூக்குழாயின் அடி ஆழத்தில் மகரந்தமும் சூல்முடியும் ஒளிந்திருப்பதால் கையால் மகரந்தம் சேர்த்துக் கலப்பு செய்வது மிகக் கடினம். ஹவாயின் கவாய் தீவில் 1950களில் பில் மொராக்னே என்பவர் அதைச் செய்து காட்டி, தேர்ந்தெடுத்த செடிகளுக்குத் தம் குடும்பப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். அந்தச் செடிகள் இன்றும் போத்தாகவும் ஒட்டாகவும் பரவிக்கொண்டிருக்கின்றன. புதிய பூவை உருவாக்க விதையை விட்டால் வேறு பாதை அரிது. உருவான பூவைக் காப்பாற்றப் போத்தோ ஒட்டோதான் வேண்டும்.

விதையைப் பெறும் வழியில் முதன்மையானது, காய் வைத்த மரத்தைத் தேடிப் பிடிப்பது. ஒரே காம்பில் இரண்டு கொம்புகள் எதிரெதிரே நீண்டிருப்பதுபோல் தோன்றும் காய், பச்சையிலிருந்து கருமைக்கு மாறி முற்றுவதற்கு ஏறத்தாழ 8 முதல் 10 மாதங்கள் ஆகும். முற்றியதும் நீளவாக்கில் வெடித்து, சிறகுள்ள விதைகளைக் காற்றில் விட்டுவிடும் என்பதால், நிறம் மாறத் தொடங்கும்போதே மெல்லிய வலைத்துணியால் காயைக் கட்டி வைப்பது நல்லது. பச்சையாகப் பறித்த காயிலிருந்து எடுத்த விதை பெரும்பாலும் வீண். விதையின் ஒரு முனையில் காகிதம்போன்ற சிறகும், மறு முனையில் சற்றே உப்பிய வயிறும் இருக்கும். அந்த வயிற்றை விரல்களுக்கிடையே மெதுவாக அழுத்தினால் உள்ளே பருப்பு தட்டுப்பட வேண்டும். தட்டையாக அமுங்குவது வெறும் உமி. விலைக்கு வாங்குவோர் உறையின் படத்தைவிட, விதை எப்போது காயிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையே விசாரிக்க வேண்டும். நாள்பட நாள்பட முளைப்புத்திறன் குறைந்துகொண்டே போகும்.

முளைக்க வைப்பதில் பெரிய வித்தை எதுவுமில்லை. ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உப்பிய முனை கீழாகவும் சிறகு மண்ணுக்கு மேலே தெரியும்படியும் செருகினால், 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் புதிய விதை ஒன்றிரண்டு வாரங்களில் முளைத்துவிடும். சில சமயம் விதையுறை கழலாமல் தொப்பியாக வித்திலைகளின் மேல் மாட்டிக்கொள்ளும். இழுத்துப் பிய்க்காமல், ஒரு சொட்டு நீர் விட்டு ஊறச் செய்தால் தானே நழுவும். அதன்பின் நாற்றழுகல் வராமல் காற்றோட்டம் காப்பதே வேலை.

விதை கேட்கும் உண்மையான விலை காத்திருப்பு. பெரும்பாலான நாற்றுகள் முதல் பூவைக் காட்ட மூன்று ஆண்டுகள் வரை எடுக்கும். அதைவிட முந்துவனவும் உண்டு, ஐந்தாண்டு தாண்டியும் மௌனம் காப்பனவும் உண்டு. பூங்கொத்து வந்த நுனியில்தான் இயல்பாகக் கிளை பிரியும் என்பதால், அதுவரை பல நாற்றுகள் ஒற்றைக் குச்சியாகவே உயர்ந்து நிற்கும். இடவசதி குறைந்தவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

போத்தைத் தேர்வதில்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது. பெயர்ச்சீட்டைவிட, பூத்திருந்தபோது அந்த மரத்தைப் பார்த்திருப்பதே நம்பகமான சான்று. ஓரடி முதல் ஒன்றரை அடி நீளமும், பச்சை மாறிச் சாம்பல் பூத்த தோலும், அழுத்தினால் கல்லாக இருக்கும் உறுதியும் கொண்ட நுனிக்கிளையே சிறந்தது. வளர்நுனி இல்லாத நடுத்துண்டும் வேர் பிடிக்கும். ஆனால் பக்கத்து மொட்டுகள் விழித்து, தளிர்த்து, கிளையாகி, பிறகு பூப்பதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. போத்தோடு நோயும் விருந்தாளியாக வரும் என்பது இந்த வழியின் பெரிய குறை. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடியாகத் தெரியும் துரு நோய்க்கு இலைகளை முழுதும் நீக்கிவிடுவது ஓரளவு தீர்வாகும். தேமல் வைரஸுக்கு அப்படிப்பட்ட தீர்வு எதுவும் இல்லை. அது சாறு வழியாகக் கத்தியிலும் தொற்றும் என்பதால், ஒவ்வொரு மரத்துக்கும் இடையே வெட்டுக்கருவியைச் சுத்தப்படுத்துவது கட்டாயம். தண்டில் துளையோ கருத்த கசிவோ தெரிந்தால் உள்ளே தண்டு துளைக்கும் புழு இருக்கக்கூடும். இலவசமாகக் கிடைத்தாலும் அத்தகைய போத்து வேண்டாம்.

போத்தை வெட்டியவுடன் வெட்டுவாயிலிருந்து பால் சொட்டும். தோலையும் கண்ணையும் எரிக்கும் அந்தப் பாலைக் கையுறையின்றித் தொடாமல், இலைகளையும் பூங்கொத்தையும் நீக்கி, நிழலில் ஒன்று முதல் இரண்டு வாரம் போட்டுவைத்தால், வெட்டுவாய் இறுகிக் காய்ந்துவிடும். இந்தப் பொறுமை இல்லாமல் ஈர வெட்டோடு நடுவதுதான் போத்து அழுகுவதற்கு முதன்மைக் காரணம். இரண்டாவது, மிகையான நீர். பருமணலும் பெர்லைட் எனும் எடை குறைந்த வெண்துகள்களும் மிகுந்த, நீர் தேங்காத கலவையில் நட்டு, காற்றில் ஆடாமல் முட்டுக் கொடுத்தால், வெப்பமான பருவத்தில் ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் வேர் இறங்கும். நுனியில் தளிர் கண்டதும் வேர் வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம்: தண்டில் சேர்த்துவைத்த உணவைக்கொண்டே அது தளிர்க்கும். வேரைச் சோதிக்கப் பிடுங்கிப் பார்ப்பவர்கள், கண்ணாடிபோல் முறியும் இளவேர்களைத் தாங்களே ஒடித்துவிடுகிறார்கள். ஒளி ஊடுருவும் நெகிழிக் குவளையில் நட்டு, வெளியே கறுப்புத் தாளைச் சுற்றி, வேண்டும்போது விலக்கிப் பார்ப்பது மேல். நன்றாக வேர் பிடித்த நுனிப்போத்து அடுத்த பருவத்திலேயே பூப்பது இயல்பு. விதையால் இந்த வேகத்தை எட்ட முடியாது.

இனத்துக்கு இனம் இந்தக் கணக்கு மாறுகிறது. குளிரிலும் வறட்சியிலும் இலையுதிர்க்கும் ரூப்ரா என்னும் பிளுமேரியா இனத்தில், உறக்கம் கலையும் தறுவாயில் வெட்டிய போத்து எளிதாகப் பிடிக்கும். நுனி மழுங்கிய இலைகளோடு கதகதப்பான இடங்களில் ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் ஒப்டூசா சற்று முரண்டு பிடிக்கும், அழுகலும் அதில் அதிகம். கரண்டி வடிவ இலை கொண்ட பூடிகாவில் காய் பிடிப்பதே அரிது. அதன் போத்து மிகச் சுலபமாக வேர்விடும் என்பதால் அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை.

வேர்விட மறுக்கும் அரிய ரகங்களுக்கு, குறிப்பாக அடர்சிவப்புப் பூக்களில் சிலவற்றுக்கு, ஒட்டே கைகொடுக்கிறது. ஏற்கெனவே வேரூன்றிய செடியில் ஆப்புபோல் சீவிய நுனியைச் செருகிக் கட்டுவதால், வேர் பிடிக்கும் கண்டம் கடந்துவிடுகிறது. கைப்பழக்கமும் கூரான கத்தியும் தேவைப்படுவதோடு, ஒட்டுக்குக் கீழே அடிச்செடி தளிர்த்தால் உடனுக்குடன் கிள்ளிவிடும் கண்காணிப்பும் வேண்டும். கவனிக்காமல் விட்டால் அதுவே மேலெழுந்து ஒட்டை அமுக்கிவிடும். அடிச்செடியாகப் பெரிதும் பயன்படுவது விதை நாற்று என்பதால், மூன்றாண்டு காத்திருந்து பார்த்த பூ மனத்துக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அந்த நாற்றை வெட்டி எறிய வேண்டியதில்லை. விரும்பிய மரத்தின் நுனி ஒன்றை அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம்.