போனவில்லா, கமாண்டோவா?

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன், டிரயம்ப் போனவில் எடுக்கவா, நார்ட்டன் கமாண்டோ எடுக்கவா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒன்று கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தால் எவ்வளவு தூரம் போவீர்கள்? 60 மைலுக்குள் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவருக்கு ஒரு வண்டி. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் கிளம்பி வேல்ஸ் மலைகளைப் பார்த்துவிட்டு இருட்டும் நேரத்தில் வருகிறவருக்கு வேறொரு வண்டி. அழகு, வேகம், பெயர் எல்லாம் அப்புறம்.

இரண்டுக்கும் பிறவிக் கோளாறு ஒன்றே. இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். வடிவமைப்பாளர் எட்வர்ட் டர்னர் 1937-இல் டிரயம்ப் ஸ்பீட் ட்வின்னுக்குக் கொடுத்த அமைப்பு இது. சத்தம் சீராக வரும். எஞ்சினும் ஒற்றை சிலிண்டர் வண்டியைப் போல ஒடுக்கமாக அடங்கும். மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகளும் அதே வழியில் போயின. 500 சிசியில் அதிர்வு பொறுக்கும்படி இருந்தது. அமெரிக்காவில் பெரிய எஞ்சின் கேட்கக் கேட்க 650, 750 என்று ஏற்றினார்கள், அதிர்வும் கூடவே ஏறியது. அந்த அதிர்வை இரண்டு கம்பெனிகளும் என்ன செய்தன என்பதில்தான் போனவில்லும் கமாண்டோவும் பிரிகின்றன.

டிரயம்ப் அதை அப்படியே விட்டது. 1959 மாடலாக வந்த டி120 போனவில்லுக்கு 649 சிசி எஞ்சின், இரண்டு அமால் கார்புரேட்டர், 46 குதிரைத்திறன். போனவில் என்பது அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து உப்பு வெளியின் பெயர். 1956-இல் ஜானி ஆலன் டிரயம்ப் எஞ்சின் பொருத்திய வண்டியில் மணிக்கு 214 மைல் ஓடிய இடம். 1963-இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன. வாங்குவதென்றால் 1968 முதல் 1970 வரை வந்ததைத் தேடுங்கள். டிரயம்ப் எஞ்சினியர் டக் ஹீல் பல வருடங்களாகச் செய்த திருத்தங்களின் பலனும், நல்ல முன் பிரேக்கும், 12 வோல்ட் மின்சாரமும் சேர்ந்து கிடைக்கும். 1971-இல் சேஸுக்குள்ளேயே எண்ணெயை வைத்தார்கள், சீட் உயரமாகிவிட்டது. என்னைப் போன்ற குட்டையானவர்களுக்குக் கால் எட்டாது.

என்னிடம் இருப்பது 1969 போனவில். எடை 165 கிலோவை ஒட்டித்தான். வார்விக்‌ஷயரின் ஒடுக்கமான சாலைகளில், இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து நிற்கும் வளைவுகளில், மணிக்கு 50, 55 மைலில் இது போகும் அழகை எந்தப் புது வண்டியிலும் நான் கண்டதில்லை. மனதில் நினைத்த பக்கம் திரும்பும். 65-ஐத் தாண்டினால் கைப்பிடியும் கால்மிதியும் நடுங்கத் தொடங்கும். மோட்டார்வேயில் 70 மைலில் அரை மணி நேரம் போனால் விரல்கள் மரத்துவிடும். நட்டுகள் தளரும், பல்பு இழை அறும். நூறு மைலுக்கு ஒருமுறை ஸ்பேனரோடு சுற்றிவருவது இந்த வண்டியை ஓட்டுவதில் சேர்ந்தது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்குக்குள் ஒரு குழாய் உண்டு. எண்ணெயில் வரும் அழுக்கு சுழற்சியில் ஒதுங்கி அதில் சேறாகப் படியும். நிரம்பிவிட்டால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு எண்ணெய் போகாது. சுத்தம் செய்ய எஞ்சினை இறக்கி முழுக்கப் பிரித்தாக வேண்டும். எனக்கு விற்றவர் அதெல்லாம் செய்தாயிற்று என்று சொன்னார், நம்பினேன். அடுத்த குளிர்காலத்தில் பிரித்தபோது சுரண்டி எடுக்கும் அளவுக்குக் கறுப்பாக இறுகிக் கிடந்தது. இன்னும் சில நூறு மைல் ஓட்டியிருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

கமாண்டோவின் எஞ்சினும் புதிதல்ல. நாற்பதுகளின் கடைசியில் பெர்ட் ஹாப்வுட் வடிவமைத்த 500-ஐ இழுத்து இழுத்து 750 ஆக்கியது. ஆனால் 1967-இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இதை நிறுத்தியபோது, எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கர ஆர்ம் மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து ரப்பரின் மேல் சேஸில் தொங்கவிட்டிருந்தார்கள். ஐசோலாஸ்டிக் என்று பெயர். ஐடிலில் நின்றால் முன்சக்கரமே குதிக்கும். நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டியதும் அந்த நடுக்கம் காணாமல் போகும். நண்பர் ஒருவரின் 850 சிசி கமாண்டோவில் ஒருநாள் முழுக்க வேல்ஸ் போய்வந்தேன். இறங்கியபோது கை மரக்கவில்லை. மோட்டார் சைக்கிள் நியூஸ் வாசகர்கள் 1968 முதல் 1972 வரை ஐந்து வருடம் தொடர்ந்து இதையே சிறந்த வண்டியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தச் சுகத்துக்கு விலை உண்டு. ரப்பரின் பக்கவாட்டு இடைவெளியைக் கால் மில்லிமீட்டர் அளவில் வைத்திருக்க வேண்டும். இறுகினால் அதிர்வு சேஸுக்கு ஏறும், தளர்ந்தால் வளைவில் பின்பக்கம் ஆடும். பழைய மாடல்களில் இதைச் சரிசெய்ய மெல்லிய ஷிம் தகடுகளை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1975-இன் மார்க் 3 என்ற கமாண்டோ மாடலில் திருகிச் சரிசெய்யலாம். 1972-இல் திறன் கூட்டி வந்த காம்பாட் எஞ்சினில், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் சீக்கிரம் போனது பிரசித்தம். பிறகு சூப்பர்பிளெண்ட் பேரிங் வந்து அதைத் தீர்த்தது. பல வாரம் நிறுத்திவைத்தால் டேங்கிலிருந்து எண்ணெய் மெல்ல கிராங்க் கூட்டுக்குள் இறங்கிவிடும். அதை வடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சிலர் எண்ணெய்க் குழாயில் திறந்து மூடும் டேப் வைக்கிறார்கள். ஒருநாள் திறக்க மறந்தால் எஞ்சின் தீர்ந்தது. நான் வைக்க மாட்டேன்.

நம் ஊரில் பழைய புல்லட் ஓட்டியவருக்கு ஒரு வசதி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் பழகியிருக்கும். மார்க் 3-க்கு முந்தைய கமாண்டோவில் முதல் கியர் புல்லட் மாதிரியே மேலே, போனவில்லில் கீழே. மார்க் 3-இல் மட்டும் கியர் இடது காலுக்குப் போய்விட்டது. 1955 முதல் மெட்ராஸில் புல்லட் செய்தார்களே, அதனால் இந்த வண்டிகளின் கிக்கரும் எண்ணெய் வாசனையும் நமக்கு அந்நியமில்லை. கிக்கரில் போனவில்தான் எளிது. 850-ஐ உதைக்க உடம்பில் எடை வேண்டும். மார்க் 3-இல் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் உண்டு என்றாலும் அது பலவீனமானது. பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும்.

உதிரிபாகத்தில் இரண்டுக்கும் கவலையில்லை. கமாண்டோவுக்கு ஆண்டோவர் நார்ட்டன் இன்னும் புதிதாகச் செய்து தருகிறது. போனவில்லுக்குச் செய்பவர்கள் பலர். தரம் பார்த்து வாங்க வேண்டும். இங்கே பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் கிடையாது, வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. ஆகவே பிரேக்கை நாமே ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் கை எட்டவில்லை என்றால் பிஎஸ்ஏ ஏ65 உண்டு. 1962-இல் பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத்தில் பிறந்த 654 சிசி. ஓட்டத்தில் போனவில்லுக்கு அதிகம் குறைந்ததல்ல, விலை குறைவு. ஆனால் கிராங்கின் ஒரு பக்கம் உருளைகள் இல்லாத வெறும் புஷ் வளையத்தில் சுற்றுகிறது, ராடுக்கான எண்ணெயும் அது வழியாகவே போகிறது. புஷ் தேய்ந்தால் ராட் உடையும். ரோலர் பேரிங்காக மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

போனவில் என்றால் கிராங்கைச் சுத்தம் செய்ததற்கான பில். கமாண்டோ என்றால் மெயின் பேரிங் மாற்றியதற்கான பில், கூடவே பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பில் இல்லையென்றால் எஞ்சின் பிரிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வண்டியைப் போய்ப் பாருங்கள்.