இஞ்சின் தட்டுது என்று கராஜில் காரை விடப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

265,000 ரூபா. அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது வந்த ஈ.பி.எஃப். காசில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அது முழுவதும் ஒரு கராஜ்காரர் கைக்குப் போய்விட்டது. கார் இன்னும் தட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. நேற்றுத்தான் உண்மை தெரிய வந்தது, ஆறப்போட்டு எழுதும் மனநிலையில் நான் இல்லை.

என்னுடையது 800 சிசி, மூன்று சிலிண்டர் பழைய கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இல்லை. அம்மாவை கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போகத்தான் இந்தக் கார். ஒரு நாள் திரும்பி வரும்போது, கினிகத்தேனை தாண்டி வட்டவளை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் வருகையில், இஞ்சினுக்கு அடியிலிருந்து 'டக் டக்' என்று கனமான சத்தம். எக்ஸலேட்டரைக் கொஞ்சம் விட்டால் இன்னும் பலமாகக் கேட்டது. காலையில் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது அவ்வளவாக இல்லை, சூடேற ஏறத்தான் கூடியது.

மெயின் ரோட்டில் பெரிய போர்டு போட்ட கராஜ் ஒன்றில் விட்டேன். பெயரைப் போடவில்லை, முறைப்பாடு போகிறது. முதலாளி நம்ம ஆள், நம்ம பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். என்னை டீச்சர், டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். காரில் இருந்த அம்மாவை இறக்கி, கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். எந்த டிவிஷன், எந்த கங்காணி காலம் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, நீளமான ஸ்குரூ ட்ரைவரை பிளாக்கில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் தண்டான கொன்ரொட், கிராங்க் என்ற சுழல் தண்டைப் பிடிக்கும் இடத்தில் உள்ள தகடு) போயிருக்கு டீச்சர். இப்படியே ஓட்டினா கொன்ரொட் பிளாக்க உடைச்சிட்டு வெளிய வந்திடும். கிராங்கைக் கழட்டி லேத்துக்கு அனுப்பி, கிரைண்ட் பண்ணி, 0.25 பேரிங் (தேய்த்து மெலிந்த கிராங்குக்கான அளவு) போடணும். ரிங், கேஸ்கட், ஒயில் பம்ப் எல்லாம் சேர்த்து 265,000. அம்மா முகத்துக்காக நான் லாபம் வைக்கல்ல."

அந்த வார்த்தையில்தான் அம்மா "குடுத்திரு புள்ள" என்றார். இஞ்சினின் நோயைக் கராஜ்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அதுதான் எனக்குக் கூடுதலாக எரிகிறது. தெரியாமல் செய்த வேலை இல்லை இது. 150,000 முற்பணம், மிச்சம் கார் எடுக்கும்போது. கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் தந்தார். பில் கேட்டதற்கு "பில் போட்டா வரி சேர்த்துப் போடணும் டீச்சர், உங்களுக்குத்தான் நட்டம்" என்றார்.

கார் எடுக்கப் போன அன்று சத்தமே இல்லை. கழற்றிய பழைய பேரிங் என்று ஒரு ஷொப்பிங் பேக்கில் எட்டுத் துண்டுகளையும் கையில் தந்தார். செம்பு நிறம் தெரியத் தேய்ந்திருந்தன. மிச்சக் காசைக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளிலேயே அதே சத்தம். போன் எடுத்தால் முதலில், "புது பேரிங் டீச்சர், செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்." ஓடியது, கூடியதே தவிரக் குறையவில்லை. அடுத்து, "92 பெற்றோல் அடிச்சா ஏத்தத்தில தட்டத்தான் செய்யும், 95 அடிங்க." அதையும் அடித்தேன். பெற்றோலால் வரும் சத்தம் மெல்லிசாக, தகரத்தில் கல் விழுவதுபோலக் கேட்கும், இது அப்படி இல்லை என்று எனக்கே தெரிந்தது. நேரில் போனபோது, வேலை செய்கிற பையன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "இதெல்லாம் உங்களுக்குச் சொன்னா விளங்காது, வீட்டுக்காரர அனுப்புங்க" என்றார். கார் என் பெயரில், காசு என் அம்மாவுடையது. 265,000 ரூபாவை எண்ணி வாங்கும்போது என் வீட்டுக்காரர் தேவைப்படவில்லையே? அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை. கராஜுக்குப் போனால் "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்" என்று ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறான்.

ஹட்டன் பக்கம் தோட்ட லொறிகளைத் திருத்தி வயதான ஒரு பாஸ் (மெக்கானிக்) இருக்கிறார். நேற்று அவரிடம் கொண்டுபோனேன். இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஓட விட்டபடியே, சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் கேப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றி அந்த சிலிண்டர் எரியாமல் நின்றதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. "இரண்டாவது கொன்ரொட்" என்றார். மேலே டெப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தமாக இருந்தால் இப்படிக் குறையாது, மெல்லிசாக ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் என்றும் விளங்கப்படுத்தினார். அப்புறம் ஒயிலை இறக்கினார். சூடான ஒயில், அப்படியும் கித்துள் பாணி மாதிரி கெட்டியாக இழுத்து இழுத்து வடிந்தது. சத்தத்தை அமுக்குவதற்கென்றே கெட்டி ஒயிலும் அதற்குள் ஏதோ மருந்தும் ஊற்றியிருக்கிறார்கள். வடிந்த தட்டில் மினுமினு என்று உலோகத் தூள்.

இஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தட்டான சம்பைக் கழற்றிப் பார்த்தால், சம்பின் விளிம்பில் மட்டும் புது சிலிக்கன் பசை. உள்ளே பேரிங் கேப் போல்ட்டுகளில் பழைய ஒயில் படிந்து பழுப்பேறி இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பாஸ் இரண்டாவது பேரிங் கேப்பைத் திறந்து பேரிங் ஷெல்லை (பேரிங்கின் அரைவட்டப் பாதியை) எடுத்து முதுகுப் பக்கத்தைக் காட்டினார். கிரைண்ட் பண்ணிப் போட்டிருந்தால் 0.25 என்ற அளவு அங்கே குத்தியிருக்க வேண்டும். இதில் எஸ்டிடி என்று இருக்கிறது, கம்பெனியில் போட்டு அனுப்பிய அதே அளவு. கிராங்க் கழற்றப்படவே இல்லை. லேத்துக்குப் போகவே இல்லை.

ஷொப்பிங் பேக்கை அவர் முன்னால் கொட்டினேன். "இது மூணு சிலிண்டர் புள்ள. பிக் எண்டுக்கு ஆறு ஷெல்தான். எட்டு எங்க இருந்து வந்திச்சு?" என்றார். கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் எட்டு வரும், ஆனால் அதன் மேல் ஷெல்களில் ஒயில் போகப் பள்ளம் இருக்குமாம், இவற்றில் ஒன்றிலும் இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அகலமும் பெரிது. வேறு யாரோ ஒருவருடைய நாலு சிலிண்டர் காரின் குப்பையை என் அம்மா கையில் கொடுத்து 265,000 ரூபா வாங்கியிருக்கிறார். அதோடு விடவில்லை, அந்தச் சத்தத்தை அமுக்கி ஓட வைத்ததில் இரண்டாவது ஜேர்னல் (கிராங்கில் பேரிங் பிடிக்கும் இடம்) நன்றாகக் கீறியும் விட்டது. இனி நிஜமாகவே கிரைண்ட் பண்ண வேண்டும், அதற்குக் காசு எங்கே?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவையாவது பிடித்துக்கொள்ளுங்கள். கனமாகத் தட்டினால், அல்லது ஒயில் லைட் மினுங்கினால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஏற்றத்தை ஏறி முடிக்கலாம் என்று பார்க்காதீர்கள். பிளக் கேப் கழற்றும் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். புது பேரிங்கின் முதுகை, போடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். கிராங்க் லேத்துக்குப் போனால் லேத்காரரின் பில் தனியாக வேண்டும். திருத்தி எடுத்த அன்று சூடாகும்வரை ஓட்டிப் பார்த்து, டிப் ஸ்டிக்கில் ஒயில் எவ்வளவு கெட்டி என்றும் பாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு எடுத்துச் சொல்லப்போகிறேன், மத்தியஸ்த சபைக்கும் எழுதுகிறேன். வெள்ளைத் தாளும் எட்டு ஷெல்லும் என்னிடம் இருக்கின்றன. ஹட்டன், தலவாக்கலை பக்கத்தில் இதே மாதிரி பேரிங் மாற்றினேன் என்று காசு கொடுத்த யாராவது இருந்தால், சம்பைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.