ஓடையோர வீடு: ஜாக்கி வைத்துத் தூக்குவதா, இடித்துக் கட்டுவதா?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமும், 2023 டிசம்பருக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமும் வீட்டுக்காரர்கள் முன் நிற்கிற கேள்வி ஒன்றுதான். தண்ணீர் புகுந்து சேதமான வீட்டை இருக்கிறபடியே ஜாக்கி வைத்துத் தூக்கிச் செப்பனிடுவதா, இடித்துவிட்டுப் புதிதாக எழுப்புவதா? நான் தூக்கும் பக்கம். சொந்த வீட்டுக்கும் அதையே தேர்ந்தேன். எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

செலவு, காலம் இரண்டிலும் தூக்குவது மலிவு. அதில் பெரிய விவாதம் இல்லை. புது வீட்டில் வசதி கூடும், ஆயுளும் கூடும். அதிலும் விவாதம் இல்லை. முடிவைத் தீர்மானிப்பது அனுமதி. நீரோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மனைக்கு இதைக் கடைசியில் பார்க்கக் கூடாது, முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டை இடித்துவிட்டால் விதியின் கண்ணில் அது காலிமனை. அங்கே எழும்புவது புதுக் கட்டடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 முழுமையாகப் பாயும். எண்பதுகளில் பக்கச் சுவரை எல்லையிலிருந்து இரண்டடியில் எழுப்பியிருப்பார்கள். அந்தச் சுவர் அதே இடத்தில் திரும்ப வராது. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்க இடைவெளிகளை இன்றைய அளவில் விட்டாக வேண்டும். இருபதடி அகல மனையில் இதனால் ஓர் அறையே காணாமல் போகலாம். நீர்நிலையை ஒட்டிய மனை என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள்.

அந்தச் சான்றுக்குப் போகும்போதுதான் மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் வருவாய்த் துறையின் புலப்பட நகல் (எஃப்.எம்.பி.) பேசத் தொடங்கும். தரையில் கால்வாய் பத்தடிக்குச் சுருங்கிக் கிடக்கும், எஃப்.எம்.பி.யில் முப்பதடி இருக்கும். சர்வேயர் சங்கிலி பிடித்தால் எல்லைக்கோடு பின்பக்கக் குளியலறை நடுவே ஓடுவதும் உண்டு. ஆகவே கடப்பாரையைத் தொடும் முன் பட்டா, எஃப்.எம்.பி., நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டு நகல், பழைய அனுமதி வரைபடம் நான்கையும் எடுத்து வைத்து, உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு அளந்து பாருங்கள். பதிவேட்டில் அந்த நிலம் ஓடை, வாய்க்கால், ஏரி என்று இருந்தால் இரண்டு வழியுமே அடைபட்டவை. ஏரி நிலத்துக்கு ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும், மற்றப் புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பாயும். வீட்டைத் தூக்குவதால் அந்த நிலத்துக்கு உரிமை வந்துவிடாது. அதில் கொட்டும் பணமும் வீண்.

கடல் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம், உப்பங்கழி, கால்வாய் அருகே என்றால் இன்னொரு அடுக்கு சேர்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இல் அந்த எல்லை 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், எது குறைவோ அது. 2019-இல் 100 என்பது 50 ஆனது. 40 மீட்டர் அகலக் கால்வாய்க்கு 40 மீட்டர்தான் கணக்கு. கிராமப்புறத்தை உள்ளடக்கிய மூன்றாம் வகையில், கட்டுமானத்துக்குத் தடையுள்ள பட்டைக்குள்ளும் அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். ஆனால் இருந்த தரைப்பரப்பையும் இருந்த தளப்பரப்புக் குறியீட்டையும் (மனைப் பரப்புக்கு மொத்தத் தளப்பரப்பு எத்தனை மடங்கு என்ற கணக்கு) தாண்டக் கூடாது. "அனுமதி பெற்ற" என்ற சொல்லில்தான் பலர் மாட்டுகிறார்கள். பழைய வரைபடம் தொலைந்துபோய், வீடும் இடிந்துபோனால், என்ன இருந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. தூக்கிய வீட்டில் அந்தச் சிக்கல் குறைவு. சுவர்கள் இருந்த கோட்டிலேயே நிற்கின்றன. வீட்டின் பரப்பே அதற்குச் சாட்சி.

தூக்குவதற்கு அனுமதியே வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பழைய வரைபடம், கட்டமைப்புப் பொறியாளரின் சான்று, தூக்கிய பின் மொத்த உயரம் காட்டும் வரைபடம் மூன்றையும் சேர்த்து உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 'தூக்கும்போதே மேலே ஓர் அறை' என்ற ஆசையை விடுங்கள். அந்த அறை வந்தால் அது புதுக் கட்டுமானம். மேலே சொன்ன விதியெல்லாம் திரும்ப வந்து நிற்கும்.

இனி வேலை. எவ்வளவு உயரம் என்பதைச் சாலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் சாலை உயர்ந்துகொண்டே இருக்கும். சுவரில் பதிந்த வெள்ளக் கறையிலிருந்து குறைந்தது இரண்டடி மேலே தளம் வரட்டும். 800 சதுர அடி வீட்டில் சுவர் நீளம் ஏறத்தாழ 160 அடி. ஒன்றரை அடிக்கு ஒரு ஜாக்கி என்றால் நூற்றுக்கு மேல் வேண்டும். கடைக்காலை ஒட்டித் தோண்டி, சுவரின் அடியைத் துண்டு துண்டாக வெட்டி, இரும்புச் சேனல் செருகி, அதன் கீழே ஜாக்கி வைப்பார்கள். எல்லோரும் ஒரே குரலுக்கு ஒரே அளவு திருக வேண்டும். ஒரு மூலை முந்தினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். ஏற்கெனவே உள்ள விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லலாம். வேலை நடக்கும்போது வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது. சென்னைப் புறநகரில் இந்த வேலையில் உயிரே போயிருக்கிறது.

ஒப்பந்தத் தொகையில் பெரும்பாலும் வராதவை இவை: தரை மேலே வராது, சுவர்தான் வரும். 700 சதுர அடி உட்பரப்பை மூன்றடி நிரப்ப 2,100 கன அடி, அதாவது 21 யூனிட். இறுக்கினால் அடங்கும் என்பதால் 26 யூனிட் வாங்க வேண்டியிருக்கும். ஆறு அங்குல அடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்காவிட்டால் புது டைல்ஸ் அடுத்த வருடமே உள்வாங்கும். மூன்றடி உயரத்துக்கு ஆறு படி, ஆறாவது வீட்டுத் தளமே. மீதி ஐந்துக்குப் பத்தங்குல மிதி என்றால் ஏறத்தாழ நாலேகால் அடி நீளம் வேண்டும். அது சாலைக்குள் நீளக் கூடாது, பக்கவாட்டில் திருப்புங்கள். மின் மீட்டர், சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி எல்லாவற்றையும் புது மட்டத்துக்கு ஏற்றுங்கள். கழிவுக் குழாயில் ஒருவழி வால்வு போடாவிட்டால் வெள்ளம் கழிப்பறை வழியாக ஏறும்.

சுமைதாங்கிச் சுவர் வீட்டுக்கு இதையெல்லாம் தெம்பாகச் சொல்வேன். தூண், பீம் வைத்த வீட்டில் அவ்வளவு உறுதி தர மாட்டேன். தூணை வெட்டித் தூக்கிய பின் கம்பிகளை எப்படி இணைக்கிறார்கள், சுற்றிலும் எப்படிக் காங்கிரீட் உறை போடுகிறார்கள் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. பொறியாளர் வரைந்து தராமல் அதில் இறங்காதீர்கள்.

இடிப்பதே சரி என்று நானும் சொல்லும் வீடுகள் உண்டு. ஓடை நீர் கடைக்காலுக்கு அடியில் மண்ணை அரித்திருந்தால், கழிமுகத்து உப்பு ஏறிக் கம்பி துருப்பிடித்து மேல்தளக் காங்கிரீட் பொரிந்து விழுந்தால், மண்சாந்தில் கட்டிய சுவர் என்றால் ஜாக்கி வேண்டாம். அங்கே தூண்மேல் வீடாக எழுப்பி, கீழே தண்ணீர் புகுந்து வெளியேற வழி விடுங்கள். பிறகு அந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்து வாடகைக்கு விட்டால் அனுமதியும் கெடும், அடுத்த வீட்டுக்குள்தான் வெள்ளம் போகும்.

இரண்டில் எதுவானாலும் பிப்ரவரியில் தொடங்கி ஆகஸ்டுக்குள் தரைமட்ட வேலையை முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொட்டுவிட்டால் களிமண் குழைந்துவிடும். குழைந்த களிமண்ணில் ஜாக்கியும் நிற்காது, புதுக் கடைக்கால் குழியும் நிற்காது.