சேலத்துல பழைய கார் வாங்கறவங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி போக வேண்டிய வொர்க்‌ஷாப்

அஞ்சு ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கற இந்த வொர்க்‌ஷாப்புக்கு நான் குடுக்கறது முழுசா அஞ்சு ஸ்டார். ரிப்பேர் வேலைய பத்தி மத்தவங்களே நெறைய சொல்லிட்டாங்க, நான் சொல்ல வந்தது அங்க இருக்கற மெக்கானிக் அண்ணன் தனியா பண்ற இன்னொரு வேலைய பத்தி. பழைய கார் வாங்கறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், ஆர்சி புக் எல்லாத்தையும் வெச்சு பாத்து, இந்த கார் நெஜமாவே அவங்க சொல்ற கார் தானான்னு எழுதி குடுக்கறார். இத இவ்வளவு பொறுமையா பண்ற வேற ஆள இந்த பக்கம் நான் பாக்கல.

எங்க மாமாவுக்கு ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஷெட்டுல நின்னுட்டு இருந்த எம்ஜி டிசி-ங்கற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் மேல ரொம்ப நாளா கண்ணு. ரெண்டு சீட்டு, நீள பானெட்டு, ஸ்போக் வீலு, 1250 சிசி என்ஜின், பாத்தா யாருக்கும் ஆசை வரும் தான். விக்கறவங்க நல்ல மனுஷங்க, ஆனா அவங்க சொன்ன வெலைக்கு காட்டின காரணம் ஒண்ணே ஒண்ணு, "உலகத்துலயே கொஞ்சம் தான் பண்ணாங்க, இந்தியாவுக்கு வந்தத வெரல் விட்டு எண்ணிடலாம்"னு. அவங்க அப்பா சொன்னது, அவரு யார்கிட்ட கேட்டாரோ. அந்த ஒரு வரிக்காகவே பல லட்சம் ஏறி இருந்துச்சு, மாமாவும் அதுலயே பாதி மயங்கிட்டார். நான் தான் "அண்ணன்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம் மாமா, அப்பறம் பேசிக்கலாம்"னு நிறுத்துனேன்.

கார கீழ கொண்டு வர வழியில்ல, அதனால அண்ணனே 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேல வந்தார். வந்தவர் கார சுத்தி கூட பாக்கல, நேரா முன்னாடி குனிஞ்சு இடது பக்கம் சேசிஸ் முன்னாடி நீட்டிட்டு இருக்கற கொம்புல துணிய வெச்சு தொடச்சு தொடச்சு நம்பர தேடுனார். அது கெடைச்சப்பறம் பானெட்ட தெறந்து சேசிஸ், என்ஜின் நம்பர் ரெண்டும் இருக்கற கம்பெனி ப்ளேட்டு, அப்பறம் என்ஜின்ல எட்டு மூலை ப்ளேட்டுல எக்ஸ்பிஏஜி-ன்னு (அது அந்த என்ஜின் வகையோட பேர்) தொடங்கற நம்பர், கடைசியா ஆர்சி. எல்லாத்தையும் போட்டோ எடுத்து நோட்டுலயும் எழுதிக்கிட்டார். அதுக்கப்பறம் தான் பேச ஆரம்பிச்சார், அது தாங்க இந்த ரிவ்யூவோட முக்கியமான விஷயம்.

"எத்தன கார் பண்ணாங்கன்னு கேக்கறீங்களே மாமா, இதுல முதல் காரோட நம்பர் ஒண்ணு கெடையாது, 251"ன்னார். இங்கிலாந்துல ஆபிங்டன்ல இருந்த எம்ஜி ஃபேக்டரியோட போன் நம்பர் 251, அதையே மாடலுக்கு மாடல் ஆரம்ப நம்பரா வெச்சிருக்காங்க. டிசி 0251ல தொடங்கி 10251ல முடியுது, 1945ல இருந்து 1949 வரைக்கும். கழிச்சா 10,000, ரெண்டு முனையையும் சேத்து எண்ணுனா 10,001. இங்கிலீஷ் புக்குல ஒண்ணுல அந்த கணக்கு இருக்கும், இன்னொண்ணுல இந்த கணக்கு இருக்கும். அடுத்து வந்த டிடி மாடலுக்கும் இதே கதை தான், 29,664ன்னு ஒருத்தர் எழுதுவார் 29,665ன்னு இன்னொருத்தர் எழுதுவார். இது ஒழுங்கா வரிசையா நம்பர் போட்ட கம்பெனி, இதுலயே ஒரு கார் இடிக்குது. எப்படி பாத்தாலும் பத்தாயிரம் கார், அத "கொஞ்சம் தான் பண்ணாங்க"ன்னு யாரும் சொல்ல முடியாது, மாமா மொகம் அங்கயே மாறிடுச்சு.

மாமா விடல, "அப்ப இந்தியாவுக்கு வந்தது?"ன்னு கேட்டார். அண்ணன் சொன்ன பதில் எனக்கு ரொம்ப நியாயமா பட்டுச்சு. இங்க இருந்த ஏஜென்ட் மூலமா வந்த கார் ஒரு கணக்கு, அதே காலத்துல வெள்ளக்கார தோட்டக்காரரும் மிலிட்டரி ஆபீசரும் அவங்க ஊர்ல வாங்கி கப்பல்ல ஏத்திட்டு வந்தது இன்னொரு கணக்கு, அது ஃபேக்டரி லெட்ஜர்ல இங்கிலாந்து வண்டியா தான் நிக்கும். ஊருக்கு திரும்பி போறப்ப சிலர் கூடவே கொண்டு போயிருப்பாங்க, சிலர் இங்கயே வித்திருப்பாங்க. அதுல எத்தன இன்னைக்கு மிச்சம் இருக்குங்கறது மூணாவது கேள்வி. பண்ணது, வந்தது, மிஞ்சுனது மூணையும் ஒரே நம்பரா சொல்றாங்கன்னா அங்கயே உஷாராகணும்னார்.

அப்பறம் எஸ்டேட்லயே டீ குடுத்தாங்க, அண்ணன் பெரிய பெரிய காரோட கதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சார். ஃபெராரி 250 ஜிடிஓ தான் உலகத்துலயே ரொம்ப ஆராஞ்சு பாத்த கார், அதுலயே 36ன்னும் சொல்றாங்க 39ன்னும் சொல்றாங்க. ஏன்னா நாலு லிட்டர் என்ஜின் போட்ட 330 ஜிடிஓ மூணு இருக்கு, அத சேத்தா 39, விட்டா 36. 2023ல ஒரு கார் ஏலத்துல அஞ்சு கோடி டாலருக்கு மேல போச்சே, அதோட பேர்லயே 330 எல்எம்-மும் இருக்கு 250 ஜிடிஓ-வும் இருக்கு. சரி சேசிஸ் நம்பர வெச்சு எண்ணிடலாமேன்னா அதுவும் நடக்காது, அந்த காலத்துல ஃபெராரில ரோட்டு காருக்கு பெரும்பாலும் ஒற்றைப்படை நம்பர், ரேஸ் காருக்கு இரட்டைப்படை, ஜிடிஓ-வுக்கு போட்டதோ அந்த ரோட்டு கார் வரிசையில, மத்த மாடலோட கலந்து. முதல் நம்பரையும் கடைசி நம்பரையும் கழிச்சா ஆயிரக்கணக்குல வரும், பண்ணது நாப்பது கூட இல்ல. இதுக்கெல்லாம் மேல ரேஸ்ல ஜிடி-ன்னு ஓட விடணும்னா 100 கார் பண்ணி இருக்கணும்னு ரூல் இருந்துச்சு, ஃபெராரி இது புது காரே இல்ல பழைய 250 ஜிடி தான்னு சொல்லி அனுமதி வாங்கிட்டாங்க. ஆக காகிதத்துல ஒரு உலகம், ஷெட்டுல வேற உலகம். போர்ஷே 917 ரேஸ் காருக்கு அனுமதி வாங்க 1969ல 25 கார் காட்டணும்னப்ப முதல்ல வந்த இன்ஸ்பெக்டர்ங்க பாத்தது முழுசா முடிஞ்சது சில கார், மிச்சமெல்லாம் பார்ட்ஸ், அப்பறம் ஏப்ரல்ல 25ஐயும் வரிசையா நிறுத்தி காமிச்சாங்க. அதுல எந்த கார் எப்ப முடிஞ்சதுன்னு எத வெச்சு சொல்றது?

ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் கதை எனக்கு மனசுல நின்னுடுச்சு. 25 பண்ண இருந்தாங்க, 1957 பிப்ரவரி 12ல ஃபேக்டரில தீ புடிச்சு ஒம்பது கார் போயிடுச்சு, 16 தான் வெளிய வந்துச்சு. 2016ல அதே கம்பெனி அந்த ஒம்பதையும் புதுசா பண்ணித் தர்றோம்னு அறிவிச்சாங்க. அப்ப மொத்தம் 16ஆ 25ஆ? என்னை கேட்டா 16 தான், அறுபது வருஷம் கழிச்சு பண்ணது எவ்வளவு நல்லா இருந்தாலும் அது வேற கார். லோட்டஸ்ல இன்னும் சிக்கல், 1973ல இங்கிலாந்துல வாட் வரி வர்ற வரைக்கும் வரி மிச்சம் புடிக்க நெறைய கார் கிட்-டா, அதாவது வாங்குனவரே பூட்டிக்கற மாதிரி பார்ட்ஸா, பெட்டில போச்சு, வாங்குனவர் எப்ப முடிச்சாரோ அது தான் ரெஜிஸ்ட்ரேஷன் வருஷம்.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு நீளமா எழுதறேன்னா, அண்ணன் எழுதி குடுத்த ரிப்போர்ட்டுல "மொத்தம் எத்தன"ங்கற பேச்சே இல்ல. மாமாவோட கார பத்தி மட்டும் இருந்துச்சு. சேசிஸ் நம்பர் அசல், அடிச்ச எழுத்து தேய்ஞ்சிருக்கு ஆனா யாரும் கை வெக்கல. பானெட்டுக்குள்ள இருக்கற ப்ளேட்டோட பொருந்துது. என்ஜின் அதே எக்ஸ்பிஏஜி தான், ஆனா வேற கார்ல இருந்து வந்தது, ப்ளேட்டுல ஒரு நம்பர் என்ஜின்ல ஒரு நம்பர், ஆர்சிலயும் பழைய நம்பரே இருக்கு. எவ்வளவோ வருஷம் வெளிநாட்டு பார்ட்ஸ் வர முடியாம இருந்த ஊர்ல இது சகஜம் தான், கார கொறை சொல்ல முடியாது, ஆனா வெலையில கொறைக்கணும். அதோட 2021ல வந்த ரூல் படி முதல் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டுன வண்டிய வின்டேஜ்-னு நம்பர்ல விஏ-ங்கற எழுத்து வர்ற தனி சீரிஸ்ல பதியலாம், புதுசா பதிய 20,000 ரூபா, சேசிஸ் பாடி என்ஜின்ல பெரிய மாத்தம் இருக்க கூடாதுன்னு அதுல இருக்கு, அதனால என்ஜின் நம்பர் விஷயத்த முதல்ல ஆர்டிஓ ஆபீஸ்ல பேசிட்டு அப்பறம் பணம் குடுங்கன்னும் எழுதி இருந்தார். அந்த ரிப்போர்ட்ட விக்கறவங்ககிட்டயே காமிச்சோம், அவங்களும் கோவப்படல, வெல நல்லாவே எறங்குச்சு, மாமா வாங்கிட்டார்.

கொறைன்னு பாத்தா, அண்ணன் போன் எடுக்கவே மாட்டார், நேர்ல தான் போகணும். ரிப்போர்ட் கையெழுத்துல தான் வரும், அத கொஞ்சம் டைப் பண்ணி குடுத்தா பேங்க் இன்சூரன்ஸுக்கெல்லாம் உதவும். கார் என்ன வெல போகும்னு சொல்ல மாட்டார், எத்தன தடவ கேட்டாலும் "அது உங்க ரெண்டு பேர் பேச்சு"ன்னுடுவார். அவசரமா முடிக்கணும்னு இருக்கறவங்களுக்கு இந்த எடம் சரிப்படாது, பாதி நம்பர அவர் வெளியூர் ஆளுங்ககிட்ட கேட்டு சரி பாத்துட்டு தான் எழுதுவார்.

போறவங்க ஆர்சி ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ், பழைய டாக்ஸ் ரசீது, இன்சூரன்ஸ் பேப்பர், அந்த கார் பழைய ஓனர்கிட்ட இருந்தப்ப எடுத்த போட்டோ ஏதாவது இருந்தா அதையும் கொண்டு போங்க, அந்த போட்டோல நம்பர் ப்ளேட் தெரிஞ்சா ரொம்ப நல்லது. ஏற்காடு, ஏத்தாப்பூர் பக்கமெல்லாம் வர்றதுக்கு தனியா காசு, ஞாயித்துக்கிழமை லீவு.