கடலையைத் தரம் பிரிக்கக் கையா, கருவியா?

பினாங்கில் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மிக்சரும் மசாலாக் கடலையும் செய்து விற்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, மூட்டையில் வரும் நிலக்கடலையில் கெட்டதை நீக்குவதுதான் முதல் வேலை. அது ருசிக்காக மட்டும் செய்யப்படுவதன்று. ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நச்சு; வறுக்கும்போது ஓரளவு குறையுமே தவிர முழுவதும் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நச்சைக் கண்டறிந்தார்கள்.

கையால் பொறுக்குவதற்கு ஒரு வெள்ளைத் தட்டும் நல்ல வெளிச்சமும் போதும். பருப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, உள்ளங்கை விளிம்பால் புரட்டிக்கொண்டே வந்தால், சுருங்கியதும் கறுத்ததும் பூச்சி துளைத்ததும் முளைவிட்டதும் தாமாகவே கண்ணில் படும். பூஞ்சை பெரும்பாலும் தொற்றுவது இப்படிப்பட்ட பருப்புகளைத்தான் என்பதால், பழகிய கையின் வேலையை நான் குறைத்து மதிக்க மாட்டேன். ஆனால் நேரம் ஆக ஆகக் கண் சோர்ந்துவிடும். காலையில் பொறுக்கிய தட்டும் மாலையில் பொறுக்கிய தட்டும் ஒரே தரத்தில் இருப்பதில்லை.

நிறம் பிரிக்கும் இயந்திரத்துக்கு அந்தச் சோர்வு கிடையாது. அதிரும் தட்டிலிருந்து சரிவான தடத்தில் வழுக்கி வரும் பருப்பு, கீழே விழும் அந்த நொடிக்குள் இருபுறமும் கேமராவில் பதிவாகிறது. நிறம் மாறியிருந்தால் அழுத்தக் காற்று அதை மட்டும் ஊதித் தனித் தொட்டிக்குள் தள்ளிவிடுகிறது. பக்கத்தில் விழும் நல்ல பருப்பும் சில வேளை சேர்ந்து போவதால், கழிவை மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். டன் கணக்கில் இறக்குமதி செய்பவருக்கு இது இன்றியமையாத கருவி. ஆனால் மாதத்துக்குச் சில மூட்டைகள் மட்டுமே வாங்கும் வீட்டுத் தொழிலுக்கு அந்த முதலீடு தாங்காது.

கை, இயந்திரம் இரண்டுக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு: சிவந்த தோல். அது பருப்பின் நிறமாற்றத்தை மூடிவிடுகிறது. இளஞ்சூட்டில் உலர்த்தி, உராய்ந்து தோல் நீக்கிய பிறகு பிரித்தால், அதுவரை மறைந்திருந்த பழுப்புக் கறை வெளியே தெரிகிறது. ஆகவே கையா, இயந்திரமா என்று தீர்மானிப்பதற்கு முன் தோலை நீக்குவதா, வேண்டாமா என்று தீர்மானிப்பதே முக்கியம் என்பது என் கருத்து. மசாலாக் கடலையைத் தோலோடு விற்பவர்களுக்கு இந்த வசதி இல்லை; அவர்கள் வாங்கும்போதே உயர்தரத்தை வாங்கியாக வேண்டும். இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் பூஞ்சையோ கைக்கும் கேமராவுக்கும் ஒருசேரத் தப்பிவிடும்.

புற ஊதா விளக்கைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மக்காச்சோளத்திலும் பருத்தி விதையிலும் பச்சை கலந்த மஞ்சள் ஒளிர்வு பூஞ்சைக்கு ஓர் அறிகுறி என்பது உண்மைதான். கடலைக்கு அதை நம்பி இறங்குவது சரியன்று.

மீதமிருப்பது வேதிச் சோதனை. அரைத்த கடலையிலிருந்து நச்சைக் கரைப்பானில் பிரித்து, சோதனைப் பட்டையை நனைத்தால் சில நிமிடங்களில் விடை தெரியும். ஆய்வுக்கூடம் அளவைத் துல்லியமாகவே சொல்லிவிடும். சிக்கல் மாதிரி எடுப்பதில் இருக்கிறது. நச்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவுவதில்லை, ஓரிரு பருப்புகளில் குவிந்து கிடக்கிறது. ஒரே பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராமுக்கும் மேலான அடர்த்தி பதிவாகியிருக்கிறது. மேலும் பதப்படுத்தவிருக்கும் கடலைக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்த வரம்போ கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். பருப்பின் எடை அரை கிராம் என்று கொண்டால், அப்படிப்பட்ட ஒரே பருப்பு 30 கிலோ கடலையை வரம்புக்கு மேல் கொண்டுபோய்விடும். ஒரு கைப்பிடியை அள்ளிச் சோதித்து நச்சில்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. கோடெக்ஸ் 20 கிலோ மாதிரி கேட்பதும் இதனால்தான்.

எனவே சிறு தொழில் செய்பவர், தோல் நீக்கி இயந்திரத்தில் பிரித்த பருப்பை வாங்கி, வறுப்பதற்கு முன் ஒருமுறை கையாலும் பொறுக்குவதே நல்லது என்பேன். பினாங்கின் ஈரக் காற்றில் திறந்த மூட்டை விரைவில் ஈரம் இழுக்கும். பருப்பின் ஈரப்பதம் 7 விழுக்காட்டைத் தாண்டாமலிருக்க, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட வேண்டும். மொத்த வியாபாரி சோதனைச் சான்றிதழைக் காட்டினால், அது இந்தச் சரக்குக்கே உரியதா, எத்தனை கிலோ மாதிரி எடுத்துச் சோதித்தார்கள் என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசலாம்.